அழுது வாங்கிய மார்க்

திருச்சியில் நான் வேலை பார்த்த ஆஸ்பத்திரியில் என்னைப் பற்றி ஒரு கதை உண்டு. புதிதாகச் சேரும் பையன்களிடம் அதைச் சொல்வார்கள். மாணிக்கம் அண்ணனைப் பாரு, பொண்ணு காலேஜ் போற வயசுல அவரும் பாலிடெக்னிக் போனாரு, சாதாரண எலக்ட்ரீஷியனா இருந்தவரு படிச்சு சூப்பர்வைசர் ஆனாரு என்று. அதில் பொய் எதுவும் இல்லை. ஆனாலும் அந்தப் பேச்சு எழுந்தாலே நான் ஏதாவது வேலை இருப்பது போல அங்கிருந்து நகர்ந்துவிடுவேன். இப்போது ஓய்வு பெற்று ஸ்ரீரங்கத்தில் வீட்டோடு இருக்கிறேன். இன்னமும் யாராவது போன் செய்து, "இந்த வயசுக்கு மேல படிக்கலாமாண்ணே?" என்று கேட்கிறார்கள். படிக்கலாம் என்றுதான் சொல்கிறேன். நான் எப்படிப் பாஸானேன் என்பதைப் பலர் முன்னால் ஒரே ஒரு முறை வாய்விட்டுச் சொன்னேன். அதை அநேகமாக யாரும் நம்பவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

பத்தாவது முடித்து ஐ.டி.ஐ.யில் வயர்மேன் படித்தேன். சில வருடம் ஒரு கான்ட்ராக்டரிடம் வீட்டு வயரிங் வேலை. பிறகு இந்த ஆஸ்பத்திரி. நான் சேர்ந்தபோது அது ஒரு மாடிக் கட்டடம். எந்த ஸ்விட்ச் எந்த அறைக்கு என்பதைக் கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். ஆஸ்பத்திரி வளர்ந்தது. பக்கத்தில் ஒரு கட்டடம், பின்னால் ஒரு கட்டடம், லிஃப்ட், பெரிய ஜெனரேட்டர், டயாலிசிஸ் பிரிவு என்று வந்தது. அவற்றோடு மின்பிரிவைப் பார்த்துக்கொள்ளச் சுந்தரேசன் சாரும் வந்தார்.

அவர் ஒரு பெரிய தொழிற்சாலையில் இன்ஜினியராக இருந்து ஓய்வு பெற்றவர். யாரையும் திட்டி நான் பார்த்ததில்லை. ஒரு கேள்வி கேட்பார். கேட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை ஓரத்தால் துடைக்க ஆரம்பிப்பார். நாம் பதில் சொல்லும் வரை துடைத்துக்கொண்டே இருப்பார். அதற்கு நாலு வார்த்தை திட்டியிருக்கலாம் என்று தோன்றும்.

ஒருநாள் என்னைக் கூப்பிட்டு, மின்பிரிவுக்கு ஒரு சூப்பர்வைசர் போடச் சொல்கிறார்கள், அவருக்கு டிப்ளமோ இருக்க வேண்டுமாம் என்றார். "வெளியிலேர்ந்து ஆள் எடுக்கலாம். இல்லன்னா நீங்க படிக்கலாம். உங்களுக்குத் தோதா டூட்டி போட்டுத் தரேன். என்ன சொல்றீங்க?" என்று கேட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். எனக்கு அப்போது நாற்பத்து மூன்று வயது. அந்தத் துடைப்பை நிறுத்துவதற்காகவே சரி என்று சொன்னேன் என்று நினைக்கிறேன்.

வேலை பார்ப்பவர்களுக்கான மாலை வகுப்பு அது. நாலு வருடம். கூடப் படித்தவர்களில் பாதிப்பேர் பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பிலும் சின்னச் சின்னக் கம்பெனிகளிலும் இருந்த இருபது, இருபத்தைந்து வயதுப் பையன்கள். அவர்கள் என்னை மரியாதையாகத்தான் நடத்தினார்கள். எனக்குத்தான் கூசியது. தெருவில் யாருக்கும் தெரிய வேண்டாம், கேட்டால் ஓவர்டைம் என்று சொல் என்று என் மனைவி செல்வியிடம் சொல்லி வைத்திருந்தேன். "திருடவா போறீங்க?" என்று கேட்டாள். ஆனாலும் நான் சொன்னபடியே சொல்லி வந்தாள்.

முதல் இரண்டு வருடம் தட்டுத் தடுமாறி ஓடியது. மூன்றாவது வருடம்தான் மோட்டார், ஜெனரேட்டர் பாடங்கள். அந்த வருடம் ஆஸ்பத்திரியில் புதுக் கட்டட வேலை நடந்ததால் பல நாள் வகுப்புக்குப் போக முடியவில்லை. போன நாட்களிலும் பின்பெஞ்சில் உட்கார்ந்து தலையை ஆட்டினேன். தேன்மொழி மேடம்தான் அந்தப் பாடம் எடுத்தார். என்னைவிடப் பத்து வயதாவது இளையவர். "புரியுதா சார்?" என்று என்னை மட்டும் தனியாகக் கேட்பார். புரிகிறது மேடம் என்பேன். வகுப்பில் எல்லோரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற டீச்சர் நம்மைச் சார் என்று கூப்பிட்டால், புரியவில்லை என்று எப்படிச் சொல்வது? எழுத்துத் தேர்வைக் கைடு பார்த்து மனப்பாடம் செய்து தாண்டிவிட்டேன்.

செய்முறைத் தேர்வுக்கு வேறு கல்லூரியில் இருந்து ஒரு எக்ஸாமினர் வந்திருந்தார். ஏறக்குறைய என் வயது. மோட்டாருக்கு இணைப்புக் கொடுத்து ஓட்டிக் காட்டினேன். அது கையில் இருந்த வேலை, அதில் தடுமாற்றம் இல்லை. அடுத்து வாய்மொழிக் கேள்விகள். மற்ற பையன்கள் அடுத்தடுத்த மேஜைகளில் நின்று தங்கள் முறைக்குக் காத்திருந்தார்கள்.

முதல் கேள்வியை ஆங்கிலத்தில் கேட்டார். நான் விழித்ததைப் பார்த்து, தமிழில் சொல்லுங்க போதும் என்றார். தமிழிலும் எனக்கு வரவில்லை. இரண்டாவது கேள்வியும் அப்படியே போயிற்று. பிறகு, எல்லாவற்றிலும் சுலபமானது என்று நினைத்தோ என்னவோ, "மூணு ஃபேஸ் மோட்டார் ஓடிக்கிட்டிருக்கு. நடுவுல ஒரு ஃபேஸ் மட்டும் கட்டாயிடுச்சு. என்ன ஆகும்?" என்று கேட்டார்.

பெரிய மோட்டாருக்குக் கரண்ட் மூன்று வழிகளில் வரும், ஒவ்வொன்றும் ஒரு ஃபேஸ். நின்றுவிடும் என்று சொல்லத் தோன்றியது. நிற்காது என்றும் தோன்றியது.

அவர் கோபப்படவில்லை. பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "எங்க வேலை பாக்கறீங்க?" என்று தணிந்த குரலில் கேட்டார். சொன்னேன். எத்தனை வருடமாக என்றார். சொன்னேன். "குழந்தைங்க?" என்றார். பெண் பன்னிரண்டாவது படிக்கிறாள் என்று சொல்ல ஆரம்பித்தேன். பாதியில் அழுதுவிட்டேன்.

கண் கலங்கியதோடு நிற்கவில்லை. தோள் குலுங்கி, சத்தம் வெளியே வந்து, மூக்கு ஒழுகி, சின்னப் பிள்ளை மாதிரி அழுதேன். லேபில் ஓடிக்கொண்டிருந்த ஒரு மோட்டாரை யாரோ அணைத்தார்கள். அதனால் என் சத்தம் இன்னும் நன்றாகக் கேட்டது. தேன்மொழி மேடம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். எக்ஸாமினர் தன் தண்ணீர் பாட்டிலை என் பக்கம் தள்ளினார். "குடிங்க. நீங்க போங்க, நான் பாத்துக்கறேன்" என்றார்.

அவர் பார்த்துக்கொண்டார். ரிசல்ட் வந்தபோது அந்தச் செய்முறைத் தேர்வில் எனக்கு எழுபத்தாறு. நான் அந்த நாலு வருடத்தில் எடுத்த மார்க்குகளிலேயே அதுதான் அதிகம். எங்கள் வகுப்பில் நன்றாகப் படிக்கிற பையன் இளங்கோ. பொன்மலை ஒர்க்‌ஷாப்பில் வேலை. அவனுக்கு எழுபதுகூட வரவில்லை. "நாங்களும் அழுதிருக்கலாம் போலண்ணே" என்றான். சிரித்துக்கொண்டேதான் சொன்னான். மனதில் எதையும் வைத்துக்கொண்டு பேசுகிறவன் இல்லை. எனக்குத்தான் அதற்குப் பிறகு அவன் பக்கத்தில் உட்கார முடியவில்லை.

அடுத்த வருடம் டிப்ளமோ முடிந்தது. அதற்கு மேல் மறைப்பானேன் என்று செல்வி தெரு முழுக்க லட்டு கொடுத்தாள். ஆஸ்பத்திரியை நடத்துகிற எம்.டி. கை கொடுத்தார். சூப்பர்வைசர் ஆனேன். மூன்று எலக்ட்ரீஷியன்கள் எனக்குக் கீழே வந்தார்கள். ஏதாவது கேட்க வேண்டுமென்றால் என்னிடம் கேட்பார்கள். எனக்குத் தெரிந்ததைச் சொல்வேன். தெரியாததை இன்னும் கொஞ்சம் சத்தமாகச் சொல்வேன்.

அப்படி ஒரு வருடம் போயிருக்கும். ஒருநாள் காலையில் டயாலிசிஸ் பிரிவிலிருந்து ஆள் வந்தது. சிறுநீரகம் வேலை செய்யாதவர்களுக்கு மெஷின் மூலம் ரத்தத்தைச் சுத்தம் செய்கிற இடம் அது. அந்த மெஷின்களுக்குச் சுத்திகரித்த தண்ணீர் போய்க்கொண்டே இருக்க வேண்டும். அந்தத் தண்ணீருக்கான பம்ப் மோட்டார் நின்று நின்று போகிறது என்றார்கள்.

மோட்டார் அளவுக்கு மேல் கரண்ட் இழுத்தால், அதைத் தானாக நிறுத்த ரிலே என்று ஒரு சின்னப் பெட்டி உண்டு. அதுதான் நிறுத்தியிருந்தது. பட்டனை அழுத்தி மறுபடி ஓட விட்டேன். ஓடியது. சற்று நேரத்தில் நின்றது. மறுபடியும் அப்படியே. எனக்குக் கீழே இருந்த மூவரும் என் முகத்தைப் பார்த்தபடி நின்றார்கள். மூன்று ஃபேஸிலும் கரண்ட் சமமாக வருகிறதா என்று மீட்டர் வைத்துப் பார்ப்பதுதான் முறை. மீட்டர் ஸ்டோரில் இருந்தது. அதை எடுத்து வரச் சொன்னால், எனக்குத் தெரியவில்லை என்று இவர்கள் நினைப்பார்களே என்று மனதில் ஓடியது. இன்று யோசித்தாலும் அந்த ஒரு நினைப்புத்தான் முதலில் நினைவுக்கு வருகிறது.

ரிலேயில் ஒரு திருகு உண்டு. அதைத் திருப்பினால் கூடுதல் கரண்டையும் அது பொறுத்துக்கொள்ளும். "பேரிங் கொஞ்சம் டைட்டா இருக்கும். சாயந்தரம் பாத்துக்கலாம்" என்று சொல்லி, ஸ்க்ரூ டிரைவர் வாங்கி அந்தத் திருகைத் திருப்பினேன். மோட்டார் ஓடியது. நிற்கவில்லை. ஆனால் சத்தம் மாறியிருந்தது. தொண்டைக்குள் உறுமுகிற மாதிரி ஒரு சத்தம். கேட்டேன். கேட்டும் அங்கிருந்து வந்துவிட்டேன். நான் மாடி ஏறுவதற்குள், மோட்டார் சுருளில் பூசிய வார்னிஷ் கருகும் வாசனை வந்தது.

டயாலிசிஸ் டெக்னீஷியன்களும் நர்ஸுகளும் பதறவில்லை. ஒவ்வொருவரின் ரத்தத்தையும் உடம்புக்குத் திருப்பி அனுப்பிவிட்டு மெஷினிலிருந்து கழற்றினார்கள். யாருக்கும் எதுவும் ஆகவில்லை. ஆனால் சிகிச்சை பாதியில் நின்றவர்களை ஆம்புலன்ஸில் வேறு ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டியிருந்தது. திருவானைக்காவலில் இருந்து வாரம் தவறாமல் வருகிற ஒரு அம்மா சக்கர நாற்காலியில் என்னைத் தாண்டிப் போனார். கால் இரண்டும் வீங்கியிருந்தன. என் காக்கிச் சட்டையைப் பார்த்துவிட்டு நாற்காலியை நிறுத்தச் சொன்னார்.

"மெஷின்னா ரிப்பேர் ஆகத்தான் செய்யும். நீ மூஞ்சிய ஏன் இப்படி வச்சிருக்க? போய் வேலையப் பாரு, தம்பி" என்றார்.

தோட்டத்து மோட்டாரையும் அதன் ஸ்டார்ட்டரையும் கழற்றி அங்கே பொருத்தி, மதியத்துக்கு மேல் தண்ணீர் வர வைத்தோம். கருகிய மோட்டாரைச் சுந்தரேசன் சார் ஒர்க்‌ஷாப் மேஜையில் ஏற்றி அவரே திறந்தார். உள்ளே செம்புக் கம்பிச் சுருள்கள் வட்டமாக இருந்தன. மூன்று ஃபேஸுக்கு மூன்று தொகுதிச் சுருள்கள். அதில் இரண்டு தொகுதி கரிக்கட்டை. மூன்றாவது கடையில் வாங்கியது போல அப்படியே செம்பு நிறத்தில் இருந்தது.

"ரெண்டு கருகியிருக்கு, ஒண்ணு அப்படியே இருக்கு. இதைப் பாத்தா என்ன தெரியுது, மாணிக்கம்?" என்று கேட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

நான் கருகிய சுருளை விரலால் சுரண்டினேன்.

"நீங்க டிப்ளமோ பண்ணினவர்தானே?" என்றார். குத்தலாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே அவருக்குச் சந்தேகம். குத்தலாகக் கேட்டிருந்தால் தாங்கியிருப்பேன்.

பிறகு அவரே சொன்னார். ஸ்டார்ட்டரில் ஒரு முனை தேய்ந்து, ஒரு ஃபேஸ் விட்டு விட்டு வந்திருக்கிறது. மூன்று ஃபேஸ் இழுக்க வேண்டிய பாரத்தை இரண்டே இழுத்திருக்கின்றன. மோட்டார் நிற்காது, ஓடிக்கொண்டேதான் வேகும். அதற்காகத்தான் ரிலே நிறுத்தியது. "செட்டிங்கை யார் மாத்தினது?" என்று கேட்டார். நான்தான் சார் என்றேன்.

மேலிடத்துக்கு எழுதிய அறிக்கையில், மோட்டார் பழசு, ஸ்டார்ட்டர் தேய்மானம் என்று மட்டும் போட்டிருந்தார். என் காரியத்தையும் எழுதுங்கள் சார் என்று போய் நின்றேன். "எழுதினா உங்களை இறக்கிடுவாங்க. புதுசா வர ஆளுக்கு இந்தக் கட்டடம் தெரியாது. எழுதறதால எனக்கு என்ன லாபம்? நீங்க அதைக் கத்துக்கங்க" என்றார். வீட்டுக்குப் போகும் வழியில் காவிரிப் பாலத்தில் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டேன். ஒருவர் தண்ணீர் பாட்டிலைத் தள்ளி என்னை அனுப்பி வைத்தார். இன்னொருவர் பேனாவை மூடி அனுப்பி வைக்கிறார். என் பிழைப்பே மற்றவர்களின் இரக்கத்தில் ஓடுகிறது என்று தோன்றியது. செல்வியிடம் அன்றைக்குத்தான் எல்லாவற்றையும் சொன்னேன். லேபில் அழுததையும் சேர்த்து. அவள் கேட்டுக்கொண்டே சாப்பாடு எடுத்து வைத்தாள். பிறகு, "அந்த மேடம்கிட்டயே போய்க் கேளுங்களேன்" என்றாள்.

போனேன். உங்கள் மூன்றாம் வருட வகுப்பில் ஒரு வருடம் உட்கார்ந்து கேட்டுக்கொள்கிறேன் என்றேன். தேன்மொழி மேடத்துக்குப் புரியவில்லை. "நீங்கதான் பாஸாயிட்டீங்களே சார்?" என்றார்.

"பாஸாயிட்டேன் மேடம். பாடம் தெரியாது."

அவர் முகம் சிவந்துவிட்டது. தான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டதை அவரும் மறந்திருக்கவில்லை போலிருக்கிறது. யாரிடமோ பேசி, கணக்கில் வராத ஆளாக என்னை உள்ளே விட்டார்.

இரண்டாம் முறை போனது முதல் முறையைவிடக் கஷ்டம். முன்பு வயதானவன் என்ற கூச்சம் மட்டும்தான். இப்போது, பாஸான ஆள் ஏன் மறுபடி வந்து உட்கார்ந்திருக்கிறார் என்று புதுப் பையன்கள் விசாரித்திருக்கிறார்கள். யாரோ சொல்லியும் இருக்கிறார்கள். நான் உள்ளே போனால் பேச்சு நின்றுவிடும். முதல் மாதம் வாசல் வரை போய்த் திரும்பி வந்த நாளும் உண்டு.

மேடம் என்னிடமும் கேள்வி கேட்பார். முதல் தடவை கேட்டபோது பழக்கத்தில் தலையை ஆட்டினேன். அவர் விடவில்லை, பதிலுக்காகக் காத்து நின்றார். தெரியல மேடம் என்றேன். அந்த ஒரு சொல் வாயிலிருந்து வெளியே வருவதற்குள் உடம்பெல்லாம் வேர்த்துவிட்டது. அவர் "சரி" என்று சொல்லிவிட்டுப் பக்கத்தில் இருந்தவனைக் கேட்டார். அவனும் தெரியல என்றான். அவனுக்கு வேர்த்ததாகத் தெரியவில்லை.

ஒருநாள் லேபில் மோட்டார் ஒன்றை ஓட விட்டு, அதன் சத்தத்தை நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள் என்றார். பிறகு ஒரே ஒரு ஃபேஸின் ஸ்விட்சை மட்டும் அணைத்தார். மோட்டார் நிற்கவில்லை. சத்தம் மாறியது. தொண்டைக்குள் உறுமுகிற அதே சத்தம். பையன்கள் மீட்டரைப் பார்த்து எண்களைக் குறித்துக்கொண்டார்கள். எனக்கு வார்னிஷ் வாசனை வந்துவிட்டது. "ஆஃப் பண்ணுங்க மேடம்" என்று என்னையறியாமல் சொன்னேன். பாடம் இன்னும் முடியவில்லை என்றாலும் அவர் அணைத்துவிட்டார்.

வருடக் கடைசியில் செய்முறைத் தேர்வுக்கு முன்னால் மாதிரித் தேர்வு வைத்தார்கள். எல்லோரும் முடித்த பிறகு, என்னையும் கேளுங்கள், நிஜப் பரீட்சை போலவே கேட்டு மார்க் போடுங்கள் என்றேன். பையன்கள் போகாமல் நின்றார்கள். மேடம் கேட்டார். பலவற்றுக்குச் சரியாகச் சொன்னேன். சிலது தப்பு. சிலது தெரியல என்றேன். முடிந்ததும் கணக்குப் பார்த்து, கொஞ்சம் தயங்கி, "அம்பத்தெட்டு வருது சார்" என்றார். யாரும் சிரிக்கவில்லை. அந்த ஐம்பத்தெட்டு எந்தச் சான்றிதழிலும் இல்லை. சான்றிதழில் எழுபத்தாறுதான் இருக்கிறது. அதை இன்றுவரை நான் கண்ணாடி போட்டு மாட்டவில்லை.

அதற்குப் பிறகும் பத்து வருடத்துக்கு மேல் அதே வேலையில் இருந்தேன். மீட்டர் வைக்காமல் ஒரு மோட்டாரையும் தொட்டதில்லை. சுந்தரேசன் சார் வேலையை விட்டுப் போய்விட்டார், வேறு இன்ஜினியர்கள் வந்தார்கள். என் ஓய்வு நாளன்று ஆஸ்பத்திரி ஹாலில் சின்னதாக ஒரு விழா வைத்தார்கள். எம்.டி. பேசும்போது அந்தப் பழைய கதையைச் சொன்னார். விடாமுயற்சிக்கு இவர்தான் உதாரணம் என்றார். அடுத்து மைக்கை என் கையில் கொடுத்தார்கள். போகிற நாளிலாவது சொல்லிவிடலாம் என்று நினைத்தேன்.

"நான் படிச்சுப் பாஸாகலீங்க. எனக்குப் பதில் தெரியல. எக்ஸாமினர் முன்னாடி அழுதேன். பாவம்னு மார்க் போட்டாரு" என்றேன்.

ஹால் முழுக்கச் சிரிப்பு. பிறகு எல்லோரும் கைதட்டினார்கள். எம்.டி. எழுந்து வந்து என் தோளைத் தட்டி, இவ்வளவு வருஷமானாலும் இந்த அடக்கம் மாறவே இல்லை என்று மைக்கில் சொன்னார். மறுபடியும் கைதட்டல். நான் மாலையோடு நின்றேன். முன்வரிசையில் செல்வி மட்டும் சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

எல்லோரும் சாப்பிடப் போன பிறகு குமரேசன் வந்தார். எங்கள் பிரிவு எலக்ட்ரீஷியன், நாற்பதைத் தொடுகிற வயது. "அண்ணே, நீங்க சொன்னது நிஜமா?" என்று கேட்டார். நிஜம்தான் என்றேன். "நானும் சேரலாமான்னு ரெண்டு வருஷமா நெனச்சிட்டு இருக்கேன். நீங்க பெரிய படிப்பாளின்னு நெனச்சு, நமக்கு வராதுன்னு விட்டுட்டேன். உங்களுக்கே அப்படின்னா நானும் போய்ப் பாக்கறேண்ணே" என்றார். என் அவமானத்திலிருந்து ஒரு மனிதர் இப்படி ஒன்றை எடுத்துக்கொண்டு போவார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. சந்தோஷப்படுவதா, இன்னும் கூச்சப்படுவதா என்று தெரியாமல் சாப்பிட வாங்க என்று அவரைக் கூட்டிக்கொண்டு போனேன்.

குமரேசன் சேர்ந்துவிட்டார். போன வாரம் போன் செய்தார். இப்போது மூன்றாவது வருடம், மோட்டார் பாடம் தொடங்கியிருக்கிறதாம். ஜெனரேட்டர் சம்பந்தமாக ஏதோ ஒன்று புரியவில்லை என்று கேட்டார். நிதானமாகக் கேட்டுக்கொண்டேன், மறுபடியும் ஒரு தடவை சொல்லச் சொன்னேன்.

"எனக்குத் தெரியலீங்க தம்பி. நாளைக்கு வகுப்புல கேளுங்க. கேட்டுட்டு எனக்கும் சொல்லுங்க" என்றேன்.